அட்டையில் இடமில்லாத போல்ட்

பால்துரையின் காரிலிருந்து கழற்றிய அத்தனையையும் திரும்ப மாட்டி முடித்த ஒரு திங்கட்கிழமை முற்பகலில், ஞானதிரவியத்தின் ஷெட்டுத் தரையில் ஒரு போல்ட் மிச்சம் கிடந்தது. முள்ளிப்பாறையில் மொத்தம் ஏழு ஷெட்டுகள் இருந்தன. மற்ற ஆறில் எதில் மிச்சம் கிடந்திருந்தாலும் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள், வண்டிக்காரர் கேட்டால் கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று சொல்லியிருப்பார்கள், வண்டிக்காரரும் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்துப் போயிருப்பார். அந்த ஆறு பேரையும் ஞானதிரவியம் மெக்கானிக்குகள் என்று ஒப்புக்கொண்டதில்லை. அவர் எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை எடுப்பார், தாளெல்லாம் கிழிந்து முடிந்து சாமி படம் மட்டும் மிஞ்சிய அட்டை, அதன் பின்புறத்தில் கழற்றப்போகும் பாகத்தைப் பென்சிலால் வரைவார், போல்ட் இருக்கும் இடத்திலெல்லாம் குத்தூசியால் ஓட்டை போடுவார், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ஓட்டையில் செருகி வைப்பார். மாட்டும்போது அட்டையிலிருந்து பிடுங்கி மாட்டுவார். அட்டை காலியானால் வேலை முடிந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அட்டையில் ஒரு போல்ட் மிஞ்சியதில்லை, தரையிலும் மிஞ்சியதில்லை.

அன்று நான்கு அட்டைகளும் காலியாக இருந்தன. போல்ட்டும் இருந்தது.

அது இருபத்தாறு வயதான சாம்பல் நிறக் கார். கிளட்ச் தேய்ந்து வந்திருந்தது. பால்துரையிடம் வருவதற்கு முன்பே ஐந்து பேர் கை மாறியிருந்தது. ஊர் சுற்றுவதற்காக அவர் அதை வாங்கவில்லை. அவர் மனைவி ரெஜினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை மெஷினிடம் கொடுத்துச் சுத்தம் செய்து திரும்ப வாங்கி வரவேண்டியிருந்தது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். வரும்போது அவளால் தலையை நிமிர்த்தி வைக்க முடியாது, பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்தால்தான் வீடு வந்து சேர்வாள். கார் அதற்காக.

மத்தியானம் பால்துரை சாவி வாங்க வந்தார்.

"முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"முடிஞ்சிட்டு. ஆனா வண்டி போவாது."

"ஏன், ஸ்டார்ட் ஆவலையா?"

"அதெல்லாம் ஆவும். ஒரு போல்ட்டு மிஞ்சிருக்கு."

பால்துரை குனிந்து பார்த்தார். "இதா? இத்துனூண்டு இருக்கு."

"இத்துனூண்டுதான் வே. பிரேக்குல இருக்கதும் இத்துனூண்டுதான்."

"நீங்க பிரேக்கையா கழத்துனீங்க? கிளட்சத்தான கழத்துனீங்க."

"கழத்தாத எடத்துலருந்து விழுந்திருந்தா அது இன்னும் மோசம்லா."

"நாளைக்குச் செவ்வாக்கெழம அண்ணாச்சி."

"அது போல்ட்டுக்குத் தெரியுமா? பஸ்ஸுல கூட்டிட்டுப் போம். வெள்ளிக்கெழமைக்கு வண்டி தாரேன்."

பால்துரை போனபிறகு ஞானதிரவியம் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவினார். ஒரு போல்ட் எங்கே இருந்தது என்பதை அந்தப் போல்ட்டே சொல்லிவிடும். வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு பளபளப்பு இருக்கும், மரையில் துரு ஏறாத நீளம் எவ்வளவோ அவ்வளவு நீளம் அது உள்ளே இருந்திருக்கும், என்ஜின் பக்கத்துப் போல்ட் என்றால் கறுத்திருக்கும், அடிப்பக்கத்துப் போல்ட் என்றால் மண் கடித்திருக்கும். இந்தப் போல்ட்டில் வட்டமும் இல்லை, துருவும் இல்லை, கறுப்பும் இல்லை. தலையில் எழுத்து எதுவும் அடித்திருக்கவில்லை. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார், கச்சிதமாகப் பிடித்தது. பக்கத்தில் கிடந்த பதினொன்றைத் தவறுதலாக எடுத்துப் போட்டார், அதுவும் கச்சிதமாகப் பிடித்தது. பதினேழைத் தெரிந்தே எடுத்துப் போட்டார், அதுவும். பிறகு சிறிய நட்டு, பெரிய நட்டு, நெருக்கமான மரை, அகலமான மரை, எதைக் கொடுத்தாலும் அந்தப் போல்ட் அதில் வெண்ணெய் மாதிரி ஏறி, கடைசிச் சுற்றில் உறுதியாக நின்றது. காரின் சக்கரத்தில் பொருந்தியது, டேபிள் ஃபேனின் கழுத்தில் பொருந்தியது, தகர ஸ்டூலின் காலில் பொருந்தியது.

ஞானதிரவியத்துக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எல்லாக் கட்சிக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காருகிற ஆட்களை அவருக்குத் தெரியும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி பந்தி விசாரிக்கிற ஆட்களையும் தெரியும். போல்ட்டில் அப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார். எங்கும் பொருந்துகிற ஒன்றிடம் உன் இடம் எது என்று எப்படிக் கேட்பது?

அந்த நேரத்தில் ரைஸ் மில் உலகநாதன் உள்ளே வந்தார். அவர் மில்லில் அரிசி சலிக்கிற சல்லடையைத் தாங்கும் போல்ட் அன்று காலையில் முறிந்திருந்தது. முறிந்ததற்கு ஒரு மாற்றுப் போல்ட் கேட்டு வந்தவர், ஸ்டூல் காலிலிருந்து கழற்றிச் சக்கரத்தில் மாட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன வே இது, ஸ்டூலுலயும் ஏறுது, கார்லயும் ஏறுது?"

"மானங்கெட்ட போல்ட்டு. எங்கயும் ஏறும்."

"ஒருநாளைக்குக் குடும். மில்லு நிக்கு."

"கொண்டு போம். சாயங்காலம் வந்துரணும்."

அந்த ஒரு வார்த்தையை ஞானதிரவியம் தன் வாழ்நாளில் சொன்னதிலேயே முட்டாள்தனமான வார்த்தையாகப் பிற்பாடு எண்ணிக்கொண்டார். அலட்சியத்தில் கொடுத்தார். சாயங்காலம் அது வரவில்லை.

போல்ட் மாட்டிய மறுநிமிஷம் உலகநாதனின் சல்லடை பதினெட்டு வருஷக் கோணல் ஆட்டத்தை நிறுத்தியது. அரிசி உடையாமல் விழுந்தது. மில்லுக்குள் சத்தமே இல்லாமல் போனதால் யாரும் கத்திப் பேச வேண்டிய அவசியமில்லை, பழக்கத்தில் எல்லோரும் கத்தினார்கள். கத்தியதில் விஷயம் தெருவுக்குக் கேட்டது. மறுநாள் பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டாருக்கு அதைக் கேட்டு வாங்கினார்கள், மூன்று தெருவைத் தாண்டாத தண்ணீர் நான்காவது தெருவின் மாடிக்கு ஏறியது. அதற்கு மறுநாள் முடிதிருத்தும் முருகேசபாண்டி தன் சுழல் நாற்காலிக்கு வாங்கினார். அந்த நாற்காலி எட்டு வருஷமாக இடது பக்கம் சாய்ந்திருந்ததால் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் வலது கிருதா அரை விரல் ஏறித்தான் இருக்கும், அன்றைக்கு வெட்டிக்கொண்ட பதினான்கு பேருக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. அந்தப் பதினான்கு பேரும் ஒரு மாதம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பிறகு தேவாலயத்து மணிக்கு, பிறகு அம்மன் கோயில் சப்பரத்துச் சக்கரத்துக்கு, பிறகு பல் டாக்டரின் நாற்காலிக்கு, பிறகு கட்சிக் கொடிக்கம்பத்தின் அடிக்கு.

அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் கேட்டதெல்லாம் அடுத்தது யார் என்பதுதான்.

அந்தப் போல்ட் ஒருநாள் இருந்துவிட்டுப் போன ஓட்டையில் பழைய போல்ட்டைத் திரும்ப மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. பழைய போல்ட் மாட்டினால் பழையபடி ஓடியிருக்கும். தண்ணீர் மூன்று தெருவுக்குப் போயிருக்கும், நாற்காலி கொஞ்சம் சாய்ந்திருக்கும், உலகம் நடந்திருக்கும். ஆனால் முள்ளிப்பாறை அப்படி நினைக்கவில்லை. சைக்கிளில் தராசு கட்டிக்கொண்டு, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிவரும் பக்கீரிடம் ஆளுக்கு ஆள் தங்கள் பழைய போல்ட்டைக் கொண்டுபோய்ப் போட்டு இரண்டிரண்டு பழம் வாங்கித் தின்றார்கள். காலி ஓட்டையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுத் தங்கள் முறை மறுபடி வரும்வரை காத்திருந்தார்கள். கமிட்டி போட்டார்கள். உலகநாதன் தலைவர். நாற்பத்துமூன்று பேர் பதிந்தார்கள். ஆக, ஊரிலுள்ள ஒவ்வொரு மெஷினும் ஒருநாள் அமிர்தமாக ஓடி நாற்பத்திரண்டு நாள் கயிறு கட்டி நிற்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒரு நாளைப் பற்றி மீதி நாற்பத்திரண்டு நாளும் பேசுவதற்கு இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் போன பெண்கள்கூட, மாடிக்குத் தண்ணீர் ஏறிய நாளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் தன் கடை ஷட்டருக்காக முப்பத்தோராவது இடத்தில் பதிந்திருந்தார். அதுவரை ஷட்டர் பாதியில் நின்றதால் தினமும் குனிந்து உள்ளே போய், பெட்டி பெட்டியாய் அடுக்கிய போல்ட்டுகளுக்கு நடுவே வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதன்முதலில் தொட்ட கை ஞானதிரவியத்தின் கை என்பதால் கழற்றுவதும் மாட்டுவதும் அவர்தான் செய்யவேண்டும் என்றும் கமிட்டி முடிவு செய்தது. தினமும் காலை பத்து மணிக்கு, கழற்றிய போல்ட்டோடு அவர் ஷெட்டுக்கு முன்னால் வந்து நிற்பார், அடுத்த முறைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார், யாராவது ஒருவர் நாலு வார்த்தை பேசுவார். அவர் இதற்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தினம் ஐந்து நிமிஷம் அந்தப் போல்ட் கையில் இருக்கும், அந்த ஐந்து நிமிஷத்தில் ஒருநாள் அது தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதா என்று பார்த்தார். மீதி நேரமெல்லாம் பால்துரையின் காரைத் திரும்பவும் கழற்றினார். புதிய அட்டைகளில் புதிய ஓட்டைகள் போட்டார், கிளட்ச்சுக்கு அப்பாலும் போனார், ஸ்டீயரிங்கைக் கழற்றினார், பிரேக்கைக் கழற்றினார், சீட்டைக் கழற்றினார், மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அட்டை காலியானது, காரில் ஓர் ஓட்டையும் காலியாக இல்லை. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்ற வண்டியை அந்த வெள்ளிக்கும் தரவில்லை, அடுத்த வெள்ளிக்கும் தரவில்லை. வாடகை வண்டி பிடிக்கப் பால்துரையால் ஆகாது, கிளட்ச் வேலைக்கே ஆடு விற்றிருந்தார். புருஷனும் பெண்சாதியும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை ரெஜினாவே ஷெட்டுக்கு வந்தாள். கறுத்த, எலும்பு தெரிகிற கை. ஊசி ஏற்றிய இடம் முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"வாம்மா. உக்காரு."

"உக்காரத்தான் வந்தேன். நின்னா விழுந்துருவேன்." பெயிண்ட் டின்னில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "மூணு செவ்வா, ரெண்டு வெள்ளி ஆச்சு அண்ணாச்சி. வண்டியில என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல."

"பொறவு?"

"ஒண்ணு கூடுதலா இருக்கு."

"கூடுதலா இருக்கதுக்கா நிப்பாட்டி வச்சிருக்கீங்க?"

"முன்னால பாத்தவன் எவனாவது எங்கயாவது விட்டிருப்பாம்மா. அது எதுன்னு தெரியாம நான் எப்படி வண்டிய வெளிய விட? நாளைக்கு நடு ரோட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ரெஜினா சிரித்தாள். சிரிக்கும்போது அவள் உதடு வறண்டு வெடித்திருப்பது தெரிந்தது. "எனக்கு உள்ளுக்குள்ள ரெண்டு பாகம் வேலையே செய்யல. அதுக்காக டாக்டரு என்னை அக்கக்கா கழத்திப் போட்டு வச்சிருக்காரா? வாரத்துக்கு ரெண்டு தடவை ஓட்டிட்டுத்தான இருக்காரு."

ஞானதிரவியம் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரைத் திரும்பவும் துடைத்தார்.

"நேத்து வரும்போது பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டேன். முன்னால இருந்த பொம்பள சேலையில. அவ என்னைய வஞ்சா. நான் உங்கள வஞ்சேன். மனசுக்குள்ளதான்."

"வையும்மா. வாயாலயே வையி."

"ஊர்க்காரனுவள முட்டாப்பயலுவன்னு சொல்லுவீங்களாம். அவனுவ அந்தப் போல்ட்ட மாட்டிக்கிட்டு ஆடுதானுவ. நீங்க அத மாட்டாமயே ஆடுதீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது." அவள் டின்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாரேன் அண்ணாச்சி. வெள்ளிக்கெழமை பஸ்ஸு ஆறு மணிக்கு."

இருபத்தொன்பது வருஷத்தில் தன்னை யாரும் உலகநாதனோடு ஒரே தட்டில் வைத்ததில்லை. அன்று மத்தியானம் அவர் காரைக் கழற்றவில்லை. சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். போகும் வழியெல்லாம் தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டுதான் போனார்.

மில்லில் சல்லடை கயிறு கட்டி நின்றிருந்தது. உலகநாதன் நெல் மூட்டையில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"போல்ட்ட பால்துரை கார்ல மாட்டிரலாம்னு பாக்கேன். எந்த ஓட்டையிலயாவது இருந்துட்டுப் போவட்டும். வந்த எடத்துக்கே போனதா இருக்கும், வண்டியும் வெளிய போவும்."

"பதிஞ்சிருக்காரா?"

"யாரு?"

"பால்துரை. பேரு பதிஞ்சிருக்காரான்னு கேக்கேன்."

"அது விழுந்ததே அந்த வண்டியிலருந்துதான் வே!"

"விழுந்தது வேற, பதியறது வேற." உலகநாதன் விசிறியை நிறுத்தினார். "கேளும். மோட்டாரு, மணி, சப்பரம் எல்லாம் எங்க இருக்கு? ஊருக்குள்ள இருக்கு. காரு எங்க இருக்கும்? ஊர விட்டுப் போயிரும்லா. போல்ட்டு எல்லை தாண்டக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

"அந்தப் பிள்ளை சாவக் கெடக்குது வே."

"அதுக்குத்தான் நானும் யோசிச்சேன்." உலகநாதன் உண்மையிலேயே யோசித்த முகத்தோடு சொன்னார். "ரத்தம் கழுவுத மிஷினு ஆஸ்பத்திரியிலதான இருக்கு? அத இங்க கொண்டாரச் சொல்லும். வரிசைய ஒதுக்கிட்டு மொத ஆளா அதுல மாட்டித் தாரோம். கமிட்டிக்கு மனசு இருக்கு."

ஞானதிரவியம் திரும்பி நடந்தார். அவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு முன்னால் வசைகூடச் சின்னதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் ரெஜினா பஸ்ஸில் மயங்கிச் சரிந்தாள். பஸ் நின்றது, கண்டக்டர் நேரம் ஆகிறது என்றார், ஆட்கள் நேரம் ஆகிறது என்றார்கள், பால்துரை அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ரோட்டோரப் பனைமர நிழலில் படுக்கவைத்தார். ஒரு பனைமரத்துக்கு எவ்வளவு நிழல் இருக்கும், அது நகர நகர அவளையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு காய்கறி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வெண்டைக்காய்ச் சாக்குகளின் மேல் கிடந்தபடி அவள் ஞானதிரவியத்தின் ஷெட்டைத் தாண்டிப் போனதை அவரே பார்த்தார். வண்டி நிற்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் பக்கீரின் இரும்புக் கொட்டகைக்குப் போனார்.

"ஊர்க்காரனுவ பழத்துக்குப் போட்ட போல்ட்டெல்லாம் எங்க பாய்?"

"அந்தா கெடக்கு. ஒரு சாக்கு. லாரி இன்னும் வரல."

"அது ஒண்ணு. அது மாதிரி எல்லா அளவுலயும் கலந்து இன்னொரு சாக்கு குடும். பதிலுக்கு எங்கிட்ட கெடக்க பழைய வண்டிச் சேஸைத் தூக்கிக்கிடும்."

பக்கீருக்கு இதில் லாபம் அதிகம். அதனால் காரணம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வழக்கம்போல ஷெட்டுக்கு முன்னால் கூடியது. கொடிக்கம்பத்திலிருந்து கழற்றிய போல்ட்டோடு ஞானதிரவியம் வந்தார். இரண்டு சாக்கு போல்ட்டும் தரையில் கறுப்புக் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. அன்றைய முறைக்காரர் துண்டை இடுப்பில் கட்டினார். நாலு வார்த்தை பேசவேண்டியவர் தொண்டையைச் செருமினார். ஞானதிரவியம் போல்ட்டை மண்ணெண்ணெயில் ஒருமுறை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்து, குழம்புச் சட்டியில் உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாகக் குவியலில் போட்டார். மண்வெட்டியை எடுத்து மூன்று தடவை புரட்டினார்.

நாற்பத்துமூன்று பேரும் குவியலை எட்டிப் பார்த்தார்கள். முதலில் உலகநாதனுக்குத்தான் குரல் வந்தது.

"எலே ஞானதிரவியம், என்னல பண்ணுன?"

"என்ன பண்ணிட்டேன்? அதுல கெடக்கு. எங்கயும் பொருந்துததுதான? பொருத்திப் பாத்து எடுத்துக்கிடுங்க."

அடிக்க வந்தவர்கள் இரண்டு பேர், ஆனால் அவரை அடிக்கிற நேரத்தில் மற்றவன் தேட ஆரம்பித்துவிடுவான் என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அடுத்த நிமிஷம் நாற்பத்துமூன்று பேரும் குவியலைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஓட்டை வீட்டில் இருக்கிறது, போல்ட் இங்கே இருக்கிறது என்று புரிந்ததும் ஆளாளுக்கு ஓடினார்கள். முருகேசபாண்டி நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தார். சல்லடையை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். சப்பரத்துச் சக்கரத்தை உருட்டி வந்தார்கள், கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள், மணியை இறக்க முடியாததால் அதன் நாக்கை மட்டும் கழற்றி வந்தார்கள். ஒரு திருவிழாவுக்குக்கூட அந்த ஊர் அவ்வளவு சுறுசுறுப்பாகக் கூடியதில்லை. ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, ஓட்டையில் வைத்து, திருகி, எறிந்து, அடுத்ததை எடுத்தார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முருகேசபாண்டி எடுத்த ஒரு போல்ட் நாற்காலியில் ஏறியது. ஏறி, கடைசிச் சுற்றில் உறுதியாக நின்றது. அது எட்டு வருஷமாக அதே ஓட்டையில் இருந்து, இரண்டு பேரீச்சம்பழத்துக்குப் போன அவருடைய சொந்தப் போல்ட் என்பதை ஞானதிரவியம் அதன் தலையில் இருந்த சிவப்புப் பெயிண்டைப் பார்த்தே கண்டுகொண்டார். முருகேசபாண்டி கண்டுகொள்ளவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். "ம்ஹூம், இதுவும் இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிப் போல்ட்டைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். "எவன் தேடுவான் இந்தக் கழுதைய. எனக்குக் கடையில சோலி கெடக்கு," என்று நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடினார்.

பிறகு மோட்டார்க்காரருக்குச் சோலி வந்தது. பல் டாக்டருக்குப் பல் வந்தது. ஒருவர் பின் ஒருவராக, சலித்த முகத்தோடும் புடைத்த மடியோடும், இது ஏமாற்று வேலை, இனி யார் நம்புவார்கள், நான் முதலிலேயே சொன்னேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். உலகநாதனின் பழைய போல்ட் முறிந்துபோனது என்பதால் அவருக்குக் குவியலில் சொந்தப் போல்ட் கிடையாது, எவனோ ஒரு லாரிக்காரனின் போல்ட் அளவு ஒத்துவந்து அவர் சல்லடையில் ஏறியது. அவர்தான் எல்லோரையும்விடப் பெரிதாக நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார். சூரியன் சாய்வதற்குள் நாற்பத்துமூன்று பேரும் போயிருந்தார்கள். கமிட்டி அதற்குப்பிறகு கூடவே இல்லை. கூடினால் அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி வரும்.

ஞானதிரவியம் மிச்சக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார். பதினொன்றையும் பதினேழையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டையும் போட்டுப் பார்த்தார். ஒரு ஸ்பேனர் பிடித்த போல்ட்டில் மற்ற ஸ்பேனர் பிடிக்கவில்லை. யாராவது அந்தப் போல்ட்டைக் கொண்டுபோயிருக்கலாம், அல்லது அதற்கே எங்கும் பொருந்தி அலுத்துப்போய் ஏதாவது ஓர் அளவில் அடங்கியிருக்கலாம். இருபது போல்ட் பார்த்தார். இருபத்தொன்றாவதைக் கையில் எடுத்தபோது மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்காமலே போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பால்துரையின் கார் சாவியை எடுத்தார். காருக்கு ஒன்றும் தேவையில்லை என்று முதல் திங்கட்கிழமையே அட்டை சொல்லியிருந்தது. அட்டையை நம்பாதவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவரும் கூடவே ஏறினார். "சத்தம் கேக்கான்னு பாக்கணும்," என்றார். ரெஜினா, "கேட்டா எறங்கித் தள்ளுவீங்களா?" என்றாள். கேட்டுவிட்டுப் பின்சீட்டில் தள்ளி உட்கார்ந்தாள். ஊருக்குள் போகும்போது தண்ணீர்க் குழாயில் ஆட்கள் நின்றார்கள். சலூன் திறந்திருந்தது, முருகேசபாண்டி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே அடுத்த கடைக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார், அடுத்த கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊரே ஒருவரையொருவர் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தது. இதற்கு முன் அது அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை.

திரும்பும்போது மணி நான்கு. ரெஜினா பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தாள், துப்பட்டாவை முகத்தில் போட்டிருந்தாள். முன்சீட்டில் ஞானதிரவியம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தார். ஒரு முனகல் இல்லை. கியர் எண்ணெய் போட்ட மாதிரி மாறியது. பால்துரை இரண்டு மூன்று தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?"

"வைவேன். சொல்லும்."

"அந்தப் போல்ட்டு எங்கிட்ட இருக்கு."

நாற்பத்துநான்காவது ஆள் என்று ஞானதிரவியம் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். "எங்க இருக்கு?"

"வண்டியிலதான். நேத்து அவனுவ தேடும்போது நானும் கூட்டத்தோட குந்தி ஒண்ண எடுத்தேன். கையில எடுத்ததுமே தெரிஞ்சிட்டு, அதான்னு."

"எந்த ஓட்டையில மாட்டுனீரு?"

"எங்க மாட்ட? எல்லா ஓட்டையிலயும் நீங்கதான் மாட்டி வச்சிருக்கீங்களே. துணியில சுத்தி அடியில ஒரு சந்துல சொருகி வச்சிருக்கேன். அவளுக்காவ வண்டியோட கெடக்கட்டும்னு."

இந்த வண்டியை இதற்கு முன்னால் வைத்திருந்த ஐந்து பேரை ஞானதிரவியம் பார்த்ததில்லை. இப்போது வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துணியைச் சொருகுகிற ஐந்து பேரின் முகமும் ஒவ்வொன்றாக அவருக்குத் தெரிந்தது. ஐந்தும் பால்துரையின் முகமாகவே இருந்தன. நாக்கின் நுனியில் ஒரு வசை வந்து நின்றது, அதன் பின்னால் இருபத்தொன்பது வருஷத்து வசைகளும் வரிசையில் நின்றன. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லவேண்டும், கீழே படுத்து அந்தத் துணியை உருவவேண்டும், உருவிய போல்ட்டை ரோட்டுக்கு அப்பால் முள்காட்டில் எறியவேண்டும்.

"நிப்பாட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"வண்டி எங்கயும் நிக்கப்படாது." ரெஜினா முகத்திலிருந்த துப்பட்டாவை எடுக்கவில்லை. "போல்ட்டாம் போல்ட்டு. ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு ரோட்டப் பாருங்க."

ஞானதிரவியம் ரோட்டைப் பார்த்தார்.